கிணறு வரிசை, நாலாம் அறை

ஜூன் 16

அன்புள்ள உம்மண்ணா,

(உம்மணாமூஞ்சியையும் அண்ணாவையும் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். மை மிச்சம்.)

நீ என்னை இந்த விடுதி வாசலில் பெட்டியோடு இறக்கிவிட்டு "சரி" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனாயே, அந்தச் சொல்லைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன். உன்னிடமிருந்து அடுத்தது எப்போது வருமோ!

இங்கே வந்ததும் கைபேசியை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். கடிதம் எழுதலாம். பிரித்துப் படிப்பீர்களா என்று விசாரித்தேன். இத்தனை வருஷமாக யாருமே கடிதம் எழுதாததால் அப்படியொரு விதி போடத் தோன்றவே இல்லையாம். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: அண்ணா, நான் மாட்டிக்கொண்டேன்.

வந்த அன்றே பரீட்சை. கணக்கும் இல்லை, அறிவியலும் இல்லை. ஆள் எப்படி என்று கண்டுபிடிக்கிற பரீட்சை. ஒரு அம்மா பெரிய பையோடு வந்து, "எல்லா மனுஷங்களும் நாலு வகைத் தண்ணீர்" என்றார். கொட்டிக்கொண்டே இருந்தால் அருவி. போகிற வழியில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போனால் ஆறு. இருந்த இடத்திலேயே சுகமாக இருந்தால் குளம். ஆழத்தில் சத்தமில்லாமல் கிடந்தால் கிணறு. அந்த அம்மாவுக்கு நான் அங்கேயே 'தண்ணி லாரி' என்று பெயர் வைத்துவிட்டேன்.

உனக்கு இது பழைய கதை. உன் லிஃப்ட் கம்பெனி கணினியில் அனுப்பியதும் இதே கேள்விகள்தானே. முதல் கேள்வியை நீ டீ ஆறி ஆடை கட்டும்வரை முறைத்துக்கொண்டிருந்தாய். வேலைக்குப் போன இடத்திலெல்லாம் வாயைத் திறக்காமல் திரும்பி வந்தவன் இதையும் கோட்டை விட்டுவிடுவாயே என்று உன்னைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு நான் டிக் அடித்தேன். 'புதியவர்களைப் பார்த்தால்?' பேச்சுக் கொடுப்பேன். 'கூட்டத்தில்?' உற்சாகம் பிறக்கும். எல்லாம் என் பதில்கள். நீ அருவி என்று வந்தது. வேலையும் வந்தது. நன்றி மட்டும் இன்னும் வரவில்லை.

இங்கே என்ன செய்தேன் என்று கேள். அறைகளும் தண்ணீர் வாரியாகத்தான். அருவிகள் ஓயாமல் இரைச்சல் போடும் என்று காப்பாளர் அறைக்கு எதிரே போடுவார்கள். கிணறுகளுக்குப் பின்பக்கக் கடைசி வரிசை. அங்கே யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லையாம். எட்டிப் பார்க்காத வரிசை! எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஒவ்வொரு கேள்விக்கும் 'எங்கண்ணன் என்ன பண்ணுவான்?' என்று யோசித்து எழுதினேன். அசல் கிணறு. தண்ணி லாரிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இவ்வளவு ஆழமான பொண்ணை நான் பார்த்ததே இல்ல."

இங்கே யாரும் எட்டிப் பார்க்காததற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது. இங்கே ஒன்றுமே நடக்காது. நாலாம் அறையில் என்னோடு இரண்டு பேர். ஒருத்தி கண்ணாடி, ஒருத்தி பின்னல். "சாப்பிட்டியா?" என்று கண்ணாடியிடம் கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, நான் பல் தேய்த்துப் படுக்கப் போகும்போது "ம்" என்றாள். வரிசையில் பேசக் கூடாது என்று சுவரில் பலகை. கிணறுகளுக்கு அதுதான் பிடிக்குமாம்.

காப்பாளரிடம் போனேன். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து, அதுவே பெயர். "நான் கிணறு இல்ல மேடம், அருவி" என்றேன்.

"தாள் பொய் சொல்லாதும்மா. உள்ள இருக்கிற அமைதியை மறைக்க நீ இப்படிப் பேசுற. அதுவும் தாள்லயே போட்டிருக்கு."

பேசினாலும் கிணறு, பேசாவிட்டாலும் கிணறு!

அம்மா வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலையிலிருந்து வர இன்னும் இரண்டு வருஷம். நீ நிரந்தரமானால் கம்பெனி இரண்டு அறை வீடு கொடுக்கும், நான் உன்னோடு வந்துவிடலாம் என்று சொன்னாயே (சொல்லவில்லை, தலையாட்டினாய்). சீக்கிரம் நிரந்தரமாகு.

இப்படிக்கு,
கிணற்றில் விழுந்த வாலு


ஜூன் 24

வாலு,

கடிதம் வந்தது. நலம்.

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் என் மேசையில் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை நான் அவர்களிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

பேசிக்கொண்டே.

நீ அடித்த டிக்.

என்ன பேசுவது? உடனே எழுது.

அண்ணன்


ஜூலை 1

அன்புள்ள உம்மண்ணா,

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சத்தம் போட முடியாததால் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பின்னல் எழுந்து வந்து எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து ஒரு மாத்திரை வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, கவனி. இவளெல்லாம் உனக்குத் தங்கையாகப் பிறந்திருக்க வேண்டியவள்.

சரி, பாடத்துக்கு வருவோம். மாட்டிக்கொண்டவரிடம் முதலில் அவர் பயத்தைப் பற்றிப் பேசாதே. பயம் என்ற சொல்லைக் கேட்டதும்தான் பயமே வரும். அப்புறம் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிடு.

"கவலைப்படாதீங்க சார். வாழ்க்கையில மேல போறவங்க நடுவுல கொஞ்சம் நிக்கத்தான் வேணும்."

"மேடம், ஊர்ல எல்லாரும் இடம் இல்ல இடம் இல்லன்னு புலம்புறாங்க. உங்களுக்குத் தனி அறையே கிடைச்சிருக்கு."

"கண்ணாடி இருக்கா லிஃப்ட்ல? அப்புறம் என்ன, தனியா இருக்கேன்னு சொல்லாதீங்க."

இன்னும் ஒரு பக்கம் தனியாக வைத்திருக்கிறேன். இவை எல்லாவற்றையும் நான் சொன்னால் சிரிப்பார்கள். நீ சொல்லும்போது துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லாதே, புண்ணியமாகப் போகும்.

எனக்கு இங்கே பேச ஆளில்லாமல் நாக்கு துருப்பிடிக்கிறது. சாப்பாட்டுக்கூடத்திலும் வகைவாரி மேசை. அருவி மேசையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கல்யாண வீட்டுக்கு வெளியே நிற்கிற மாதிரி இருக்கிறது. நேற்று எழுந்து அங்கே போய் உட்கார்ந்தேன். ஒருத்தி மிகவும் அன்பாக, "உனக்கு இங்க கஷ்டமா இருக்குமே" என்று என் தட்டை எடுத்துக் கிணறு மேசையில் கொண்டுபோய் வைத்தாள். அடித்திருந்தால்கூடத் திருப்பி அடித்திருப்பேன்.

இரவில் பழக்கதோஷத்தில் சுவரைத் தட்டுகிறேன். ஞாபகம் இருக்கிறதா? என் அறைக்கும் உன் அறைக்கும் நடுவே அந்த ஒல்லிச் சுவர். ஒரு தட்டு ஆமா, இரண்டு தட்டு இல்லை, மூன்று தட்டு 'இருக்கியா?'. நீ பேச மாட்டாயே என்று நான் கண்டுபிடித்தது. இங்கே மூன்று தட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்ட சத்தம் கேட்டது. பதில் அவ்வளவுதான்.

வாலு


ஜூலை 19

வாலு,

ஒரு அம்மாவிடம் உன் முதல் நகைச்சுவையைச் சொன்னேன். அந்த அம்மா கையில் காய்கறிப் பையோடு மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றிருந்தார். "மெக்கானிக் வெச்சிருக்கீங்களா, கோமாளி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். உண்மையான பதில் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

இரண்டாவதைச் சொல்லவே இல்லை. கண்ணாடி நகைச்சுவையை இன்னொருவரிடம் சொன்னேன். அவர் அழுதுவிட்டார்.

அதன் பிறகு மேசையில் ஒட்டியிருக்கும் அட்டையைப் படிக்கிறேன். "தயவுசெய்து பதற்றப்பட வேண்டாம். நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்." மணி அடிக்கும்போதெல்லாம் எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. நான்கு பக்கமும் கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன அறை. அவர்கள் அவர்கள் லிஃப்ட்டில், நான் என் லிஃப்ட்டில்.

முக்கியமான விஷயம். உன் தண்ணி லாரி இங்கேயும் வருகிறார். என் விண்ணப்பத்தையும் உன் பள்ளித் தாளையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். "ஒரே வீட்ல ஒரு அருவி, ஒரு கிணறு! அண்ணன் பேச, தங்கச்சி கேக்க! எவ்வளவு அழகு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டங்களில் நம்மை உதாரணம் காட்டப்போகிறாராம்.

செப்டம்பர் கடைசியில் மறுதேர்வு. அதே வகை வந்தால் நிரந்தரம், வீடு. மாறி வந்தால் முதல் தடவை பொய் என்று அர்த்தம். வெளியே அனுப்பிவிடுவார்கள்.

என் பெயரில் நீ என்னென்ன பதில் போட்டாய் என்று எழுதி அனுப்பு. மனப்பாடம் செய்துகொள்கிறேன். அதுவரை நீ யாரைப் போல எழுதினாய் என்று அங்கே சொல்லிவிடாதே.

உனக்குக் கஷ்டம் என்று தெரியும்.

அண்ணன்


ஆகஸ்ட் 3

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று நான் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன்.

பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். ஆசிரியர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "கிணறா? உன்னை மேடையேத்திக் கஷ்டப்படுத்த மாட்டேன்மா" என்று பரிவோடு அடித்துவிட்டார். அதோடு போகவில்லை. அடுத்த வருஷப் பாடப்பிரிவும் இந்த வகையை வைத்துத்தானாம். பொறுத்தது போதும் என்று தண்ணி லாரி வகுப்பெடுக்கும் அறைக்குப் போனேன், எல்லாவற்றையும் கொட்டிவிட. உள்ளே திரையில் பெரிதாக ஒரு வீடு வரைந்திருந்தார். ஒரு ஜன்னலில் அருவி, ஒரு ஜன்னலில் கிணறு. "இது உண்மையான குடும்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டைப் பார்த்ததும் நமக்கு வரப்போகிற வீடு நினைவுக்கு வந்தது. இரண்டு அறை.

"என்னம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம்."

நான் உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த வரிசையிலிருந்து விடுதலை, உனக்கு வேலை போகும், வீடும் போகும். சொல்லாவிட்டால் வீடு வரும்வரை நான் இங்கே. என் கதவின் சாவி உன்னிடம், உன் கதவின் சாவி என்னிடம். சாவிக்கொத்துக்குக்கூட இது புரியாது.

பதில்களை எழுத உட்கார்ந்தேன். என்னைப் போல எழுத வேண்டும், அவ்வளவுதானே? 'கூட்டத்தில் இருந்தால் உற்சாகம் பிறக்குமா?' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எந்தக் கூட்டத்தில்? அருவி மேசையை நினைத்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றுகிறது. கொஞ்சம் பொறு, எழுதி அனுப்புகிறேன்.

வாலு


ஆகஸ்ட் 20

வாலு,

பத்து நாளைக்கு முன்னால் ஒன்று நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

மணி அடித்தது. அட்டையைப் படித்தேன். மறுபக்கம் "ம்ம்ம்" என்று மட்டும் வந்தது. பெயர் கேட்டேன். "ம்ம்ம்." மயக்கமா, யாராவது வாயைப் பொத்தியிருக்கிறார்களா என்று பயந்தேன். கட்டடம் எது என்று திரையில் பார்த்தேன். ஐந்தாம் மாடியில் பல் ஆஸ்பத்திரி. அப்போதுதான் புரிந்தது. பல் பிடுங்கி, வாய் மரத்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு மனிதர் இறங்கி வந்திருக்கிறார். இரண்டாம் மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது, விளக்கும் அணைந்துவிட்டது.

மேற்பார்வையாளர் பின்னாலிருந்து "பேசு, பேசு, விடாதே" என்றார். நான் பேசப் பேச அந்த "ம்ம்ம்" உயர்ந்துகொண்டே போனது. பதில் சொல்ல முடியாதவனிடம் ஓயாமல் பேசினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது எல்லாக் கல்யாணத்திலும் நடந்திருக்கிறது.

நிறுத்தினேன். அப்புறம் மெதுவாகச் சொன்னேன்: "சார், நீங்க பேச வேண்டாம். சுவரைத் தட்டுங்க. ஆமான்னா ஒரு தட்டு. இல்லைன்னா ரெண்டு."

டொக்.

"மூச்சு விட முடியுதா?"

டொக்.

"யாராவது கூட இருக்காங்களா?"

டொக் டொக்.

"நான் இருக்கேன். எங்கயும் போகல. சந்தேகம் வந்தா மூணு தட்டு தட்டுங்க, இருக்கேன்னு சொல்றேன்."

அதன் பிறகு நான் ஒன்றும் பேசவில்லை. அவ்வப்போது மூன்று தட்டு வரும். "இருக்கேன்" என்பேன். மெக்கானிக் கதவைத் திறக்கும்வரை எங்கள் பேச்சு அவ்வளவுதான். மேற்பார்வையாளர் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துத் தோளை உலுக்கினார்.

இப்போதெல்லாம் எல்லோரிடமும் அப்படித்தான். கொஞ்சம் கேட்பேன். காத்திருப்பேன். ஆச்சரியமாக, அவர்களே பேசுகிறார்கள். ஒரு பாட்டு வாத்தியார் தன் மாமியாரைப் பற்றி என்னிடம் சொன்னதையெல்லாம் எழுத இந்தத் தாள் போதாது.

மணி அடித்தால் இப்போது மூச்சு முட்டுவதில்லை. இந்த மேசை எனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் கிணறு என்று தெரிந்தால் முதல் வேலையாக இங்கிருந்து எழுப்பிவிடுவார்கள் என்பதுதான் வேடிக்கை.

பதில்களை இன்னும் அனுப்பவில்லையே? நகைச்சுவையும் அனுப்பவில்லை. சொல்ல மாட்டேன், படிக்கவாவது வேண்டும்.

அண்ணன்


செப்டம்பர் 5

அண்ணா,

நலம். பதில்கள் இத்துடன் வைத்திருக்கிறேன். நான் என்ன செய்வேன் என்று யோசித்து எழுதினேன். மனப்பாடம் செய்துகொள்.

வீடு வந்தால் போதும்.

தங்கை


செப்டம்பர் 9

வாலு,

'தங்கை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது குறும்பு இருக்கும் என்று. வெள்ளையாக இருந்தது.

பதில்களைப் படித்தேன்.

'புதியவர்களைப் பார்த்தால்?' அவர்கள் முதலில் பேசட்டும் என்று காத்திருப்பேன். 'கூட்டத்தில்?' சுவரோரம் இடம் தேடுவேன். 'மனக்கஷ்டம் வந்தால்?' யாரிடமும் சொல்ல மாட்டேன்.

வாலு, இவை உன் பதில்கள் இல்லை. ஒன்று விடாமல் என் பதில்கள். நீ விளையாட்டுக்கு எழுதியபோது என்னை நினைத்து எழுதினாய். இப்போது உன்னை நினைத்து எழுதியும் நான்தான் வந்திருக்கிறேன்.

நான் இப்படி இருப்பது எனக்குப் பழகிவிட்டது, பாரமில்லை. உன்னை யாரோ இப்படி ஆக்கினால் அது வேறு. மாட்டிக்கொண்டவர்களின் குரல் எனக்கு இப்போது தெரியும். முதலில் கத்துவார்கள். அப்புறம் கிண்டல் செய்வார்கள். அப்புறம் "பரவாயில்லை, நலம்" என்பார்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் மெக்கானிக்கை விரட்டுவேன்.

சனிக்கிழமை வருகிறேன். காப்பாளரையும் தண்ணி லாரியையும் பார்க்க நேரம் கேட்டு எழுதிவிட்டேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் பேசுகிறேன்.

அண்ணன்


செப்டம்பர் 24

வாலு,

சனிக்கிழமை உன்னிடம் சரியாக விடைகூடப் பெறவில்லை. பேருந்தில் ஏறியபிறகுதான் அது ஞாபகம் வந்தது.

இங்கே நானே போய்ச் சொல்லிவிட்டேன். மறுதேர்வை நானே எழுதினேன். கிணறு. மேற்பார்வையாளர் தாளை மேசையில் அடித்தார். "ஏமாத்தி உள்ள வந்திருக்க. கிணறை எப்படிய்யா பேசுற மேசையில உக்கார வைக்கிறது?" அப்போது மணி அடித்தது. பக்கத்தில் வேறு ஆள் இல்லை. "எடு, எடு, முதல்ல எடு" என்று என்னைத் தள்ளினார். எடுத்தேன். முடிந்ததும் மீதித் திட்டு.

நிரந்தரம் இல்லை. ஓர் அருவி கிடைக்கும்வரை தற்காலிகமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு அறைக்கும் நடுவே நல்ல ஒல்லிச் சுவர்.

நீ அங்கேயே இருக்க வேண்டியதாகிவிட்டது. நான் பேசாமல் இருந்திருந்தால் இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். உண்மையைச் சொல், என் மேல் கோபமா?

அண்ணன்


அக்டோபர் 2

அன்புள்ள உம்மண்ணா,

சனிக்கிழமை நடந்ததை நான் உனக்கு எழுதியாக வேண்டும். நீ அங்கே இருந்தாய், ஆனால் உன்னை நீ பார்க்கவில்லையே.

நீ இஸ்திரி போட்ட சட்டையில், மூன்றாவது பொத்தானை நாலாவது ஓட்டையில் மாட்டிக்கொண்டு வந்தாய். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை. வழக்கம்போல வார்த்தையே வராது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "என் தங்கச்சி கிணறு இல்ல" என்று ஆரம்பித்தாய். அப்புறம் நிறுத்தவே இல்லை! டிக் அடித்தது, பாட்டு வாத்தியார், பல் பிடுங்கியவர் எல்லாம் வந்துவிட்டது. சாவிக்கொத்து குறுக்கே பேச வாயைத் திறந்தபோது நீ கையைக் காட்டி, "ஒரு நிமிஷம் மேடம், நான் இன்னும் முடிக்கல" என்றாயே, எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து உனக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். அன்றைக்கு நான் உன் பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். அப்படி இருப்பதும் நன்றாகத்தான் இருந்தது.

நீ போனபிறகு தண்ணி லாரி என்னைக் கூப்பிட்டார். பாவம், திரையிலிருந்து அந்த வீட்டை எடுத்துவிட்டார். "என் தாள் தப்பு சொல்லலம்மா. நீ யாரை நினைச்சு எழுதினியோ அவரைச் சரியா சொல்லியிருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அறைக்கு வந்து என் கிணற்றுத் தாளை முதல்முறையாக முழுக்கப் படித்தேன். 'எதிரில் இருப்பவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பார். அவர் அமைதி அக்கறையின்மை அல்ல.' இத்தனை வருஷம் பக்கத்து அறையில் இருந்தும் உனக்குப் பேச வராது என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தாய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதை அந்த அம்மாவிடமே சொன்னேன். "தாள் நல்லாத்தான் இருக்கு மேடம். அதுக்குப் பூட்டு போட்டதுதான் தப்பு." சாவிக்கொத்தைப் பார்க்காமல் சொன்னேன். தண்ணி லாரி எழுதிக்கொண்டார். பேச்சுப் போட்டிக்கு என் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். வருஷம் முடியும்வரை அறை மட்டும் மாற்ற முடியாதாம். அருவி வரிசை நிரம்பி வழிகிறதாம். அருவி வழியாமல் வேறென்ன செய்யும்.

ஆகவே அதே நாலாம் அறை, அதே பலகை: பேசக் கூடாது. ஆனால் பலகையில் தட்டக் கூடாது என்று போடவில்லையே! கண்ணாடிக்கும் பின்னலுக்கும் நம் தட்டுகளைக் கற்றுக்கொடுத்தேன். கண்ணாடி ஐந்தாம் அறைக்குச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது சாப்பாடு முடிந்து வந்ததும் வரிசை முழுக்க மரங்கொத்தி புகுந்த மாதிரி இருக்கிறது. பின்னல் இருக்கிறாளே, அவள் கடைசி அறையில் ஒருத்தியோடு சுவர் வழியாகச் சண்டையே போடுகிறாள். சாவிக்கொத்து வந்து பார்த்தார். ஒருத்தி வாயும் அசையவில்லை. போய்விட்டார்.

படுத்தால் இன்னும் வீட்டு ஞாபகம்தான். அந்த இரண்டு அறையை நீ போய்ப் பார்த்திருக்க வேண்டாம். எனக்கும் அழுகை வந்தது, மறைக்க மாட்டேன்.

கோபமா என்று கேட்டாயே. இந்தத் தாளைச் சுவரில் வைத்து, காதை அதில் வை.

டொக் டொக்.

வாலு